பிசிறு இல்லாத வெட்டு

காலை எட்டரை இருக்கும். காபி டம்ளரோடு பின்பக்கம் போனவள் ரோஜாச் செடி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு இலையின் ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம். பூச்சி தின்ற மாதிரி கந்தலாக இல்லை. சட்டைப் பித்தான் அளவுக்கு, சுத்தமான அரைவட்டம். பக்கத்து இலையில் இரண்டு. அதற்கடுத்ததில் ஒன்று, கொஞ்சம் நீளவாக்கில்.

“யாருடி இது?” என்று வாய்விட்டே கேட்டேன். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

இலையைத் திருப்பிப் பார்த்தேன். புழு இல்லை, எச்சம் இல்லை, நூலாம்படை இல்லை. கட்டைவிரலை வெட்டின் ஓரத்தில் ஓட்டினேன். பிசிறே இல்லை. காபி ஆறிப்போனது. நான் அண்ணாந்து மாடியைப் பார்த்தேன்.

என்ன, அதற்குள் மாடியைப் பார்ப்பானேன் என்கிறீர்களா? என் பிழைப்பு அப்படி.

முப்பது வருஷத்துக் கண்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆம்பூரில் ஷூ ஃபாக்டரியில் நான் செக்கராக இருந்தவள். வெட்டிய தோல் துண்டுகள் என் மேஜைக்கு வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சில்வர் பேனாவால் ஒரு கோடு போட்டு ஒதுக்க வேண்டும். நல்லதைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. குறையைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

மாடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, உரிக்கிறபோது கத்தி பட்ட இடம் எல்லாம் எனக்கு விரலிலேயே தெரியும். உண்ணி கடித்த இடத்தின் ஓரம் மங்கலாக இருக்கும். கத்தி பட்ட இடத்தின் ஓரம் சுத்தமாக இருக்கும். சுத்தமான ஓரம் என்றால் இரும்பு, இரும்பு என்றால் மனுஷன். முப்பது வருஷத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

ரிடையர் ஆனதும் கண் மட்டும் ரிடையர் ஆகுமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் வாழை இலையைத் திருப்பிப் பார்ப்பேன். “மானம் போவுதுடி, இலைய வையி” என்பார் என் வீட்டுக்காரர். அவர் போய் நாலு வருஷமாகிறது. மகன் பெங்களூரில் இருக்கிறான். அந்த ரோஜா அவர் ஒடுகத்தூரில் தம் அக்கா வீட்டிலிருந்து பதியன் போட்டு, மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தது. அதன் இலையில் கை வைத்தால் எனக்குச் சும்மா இருக்குமா?

மாடி வீட்டுக்காரி

மாடியில் யமுனா குடியிருந்தாள். புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் ஷிஃப்ட் வேலை, இரண்டாவது படிக்கும் ஒரு பெண் குழந்தை. யமுனா வீட்டிலேயே ஷூ மேல்பாகத்துக்குக் கைத்தையல் போடுகிறவள். ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருப்பாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நேர் கீழே என் ரோஜா.

என்னைப் ‘பெரிம்மா’ என்று கூப்பிடுவாள். மூட்டு வலிக்குத் தைலம் வாங்கி வருவதும், ராத்திரி மிஞ்சிய சாதம் இருக்கிறதா என்று காலையில் எட்டிப் பார்ப்பதும் அவள்தான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் என்னோடு பேச டி.வி.யைத் தவிர வேறு யாரும் கிடையாது. இது எனக்கு அப்போதும் தெரியும்.

தெரிந்தும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். மதில் ஓரமாக அவள் நாலு துவரை விதை ஊன்றியிருந்தாள். முந்தின வருஷம் பூ பூவாகக் கொட்டிப்போன செடி, அந்தத் தை மாதம் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கியது. என் ரோஜா ஓட்டை ஓட்டையாகிறது, அவள் துவரை மட்டும் இப்படிக் காய்க்கிறது. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஒருநாள் கீரை வடை கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். தையல் சாமான் டப்பாவில் கத்தரிக்கோல், ஊசி, மெழுகு நூல், அதோடு தோலில் ஓட்டை போடும் பஞ்ச் மூன்று சைஸில் கிடந்தது. அவள் வடையைத் தட்டுக்கு மாற்ற உள்ளே போனபோது பெரிய பஞ்சை எடுத்து, முந்தானையில் முடிந்திருந்த இலையை வைத்து அளந்து பார்த்தேன்.

இலையின் வெட்டு கொஞ்சம் பெரிது. பொருந்தவில்லை. ஃபாக்டரியாக இருந்தால் பொருந்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அன்றைக்கோ, வெயிலில் இலை விரிந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“இன்னா பெரிம்மா, பஞ்ச் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்லடி. துரு புடிச்சிருக்கானு பாத்தேன்.”

சில்வர் பேனா

மறுநாள் பழைய பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்தேன். ரோஜாவில் நல்லபடியாக இருந்த ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் ஒரு சின்னக் கோடு போட்டேன். எது வெட்டுப்படுகிறது, எப்போது வெட்டுப்படுகிறது என்று பிடித்துவிடலாம் அல்லவா? வெயிலில் குனிந்து அத்தனை இலைக்கும் கோடு போட்டு முடிக்க ஒரு மணி நேரமானது. நிமிர்ந்தபோது மாடி ஜன்னலில் யமுனா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போனாள். குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் ஏன் உள்ளே போக வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் லதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிங் செக்‌ஷனில் இருந்த பெண், ஒல்லியாக, எப்போதும் தலை குனிந்தே நடப்பாள். ஒருநாள் என் மேஜைக்கு வந்த லாட்டில் ஷூவின் முன்பக்கத் துண்டு நாலு குறைந்தது. வெளிநாட்டு ஆர்டர், நல்ல ரகத் தோல். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் லதா மட்டும் செக்‌ஷனுக்குள் இருந்ததை நான் பார்த்திருந்தேன். “லதா பைய பாருங்க சார்” என்றேன். லைனே திரும்பிப் பார்த்தது.

பையைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. மீதியை அப்புறம் சொல்கிறேன். சொல்லத்தான் வேண்டும்.

சாவித் துவாரம்

எங்கள் பின்கதவு பழைய மரக்கதவு. பூட்டு கெட்டுப்போய் நாளாயிற்று, தாழ்ப்பாள்தான். சாவி போட்ட துவாரம் மட்டும் விரல் நுழைகிற அளவுக்கு அப்படியே இருக்கும். கோடு போட்ட மூன்றாம் நாள் அந்தத் துவாரத்தில் பச்சையாக ஏதோ அடைத்திருந்தது.

கொண்டை ஊசியால் நோண்டினேன். இலைச் சுருள் ஒன்று வந்து விழுந்தது. பீடி சுற்றுகிற மாதிரி அப்படி ஒரு சுற்று, இரண்டு முனையிலும் வட்ட இலையால் மூடி. ஓரத்தில் ஒரு சில்வர் கோடு பளபளத்தது. என் ரோஜா, என் பேனா!

எதிர்வீட்டு ருக்மணி அந்த நேரம் பார்த்துத்தான் தயிர் உறை கேட்டு வர வேண்டுமா? சுருளை வாங்கிப் பிரித்தாள். உள்ளே மஞ்சளாக, ஈரமாக, உருண்டையாக ஏதோ இருந்தது. ருக்மணி கையை உதறினாள்.

“அய்யய்யோ, மஞ்ச வெச்சு சுத்திருக்காங்கக்கா! இது சும்மா வெச்சது இல்ல. யாரோ நல்லா செஞ்சு வெச்சிருக்காங்க.”

“போடி, எனக்கு இதுலல்லாம் நம்பிக்க இல்ல.”

நம்பிக்கை கிடையாதுதான். ஆனால் அந்தத் துவாரத்தில் உள்ளே இன்னும் இருந்த சுருள்களை நான் தொடவும் இல்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

“பின்கதவாண்ட யாரு வர்றாங்க? மாடிக்காரிதான துணி காயப்போட வர்றா?” என்றாள் ருக்மணி. நான் நினைத்ததைத்தான் அவள் சொன்னாள்.

குழாயடி

எங்கள் தெருவில் குடிதண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்குத் தெருவே குழாயடியில்தான் இருக்கும். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது யமுனா எனக்கு முன்னால் குடத்தோடு நின்றிருந்தாள்.

“வாங்க பெரிம்மா, நீங்க மொதல்ல புடிங்க. எனக்கு அவசரம் இல்ல” என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அந்த நல்ல குணம்தான் எனக்கு அன்று எரிச்சலை மூட்டியது. நடிக்கிறாள் என்று நினைத்தேன். “என் வீட்டு சாவி ஓட்டைல மஞ்சளும் இலையும் வெச்சது யாருன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட நல்லவ மாதிரி பேசறத இனிமே வுட்டுடணும். மகன் வர்றான், மாடி எனக்கு வேணும்” என்றேன், அவள் முகத்தைப் பார்த்தே.

யமுனாவுக்குப் பின்னால் நின்ற பெண் தன் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள். யமுனா பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போனாள். மகன் வருவதாக நான் சொன்னது பொய்.

இரண்டே நாளில் தெரிந்தது, அவள் புருஷன் பக்கத்துத் தெருவில் வீடு பார்க்கப் போய், இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று. செய்வினை வைக்கிறவள் என்று பேர் எடுத்த பெண்ணை எந்த வீட்டுக்காரி உள்ளே விடுவாள்? அவள் குழந்தையோடு விளையாட வரும் எதிர்வீட்டுப் பெண்ணும் வருவதை நிறுத்திவிட்டது. அவள் செய்ததுக்கு அவள் அனுபவிக்கிறாள் என்று மனசைக் கெட்டியாக்கிக்கொண்டேன்.

முக்காலி போட்டு உட்கார்ந்தேன்

அவள் காலி பண்ணிப் போகிறதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. வெயில் ஏறியதும் பின்பக்கம் முக்காலி போட்டு, துணிக்கொடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ரோஜாவும் தெரியும், கதவும் தெரியும், மாடிப்படியும் தெரியும். தோல் ஷாப் பக்கமிருந்து காற்று அடித்ததால் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டேன். கண் படிக்கட்டிலேயே இருந்தது.

படிக்கட்டில் யாரும் வரவில்லை. ரோஜாவில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது.

சாதாரணத் தேனீயை விடக் கொஞ்சம் தடிப்பு. கறுப்பு உடம்பு, வயிற்றில் வெளிர் வரி. பூவின் பக்கமே போகவில்லை. சில்வர் கோடு போட்ட ஒரு இலையின் ஓரத்தில் காலை ஊன்றி, வாயை வைத்து, அப்படியே உடம்பைச் சுழற்றியது. நான் பத்து எண்ணுவதற்குள் ஒரு வட்டம் கழன்று வந்தது. துண்டை வயிற்றுக்கடியில் மடித்துப் பிடித்துக்கொண்டு பறந்தது. மாடிக்கு அல்ல. நேராக என் பின்கதவுச் சாவித் துவாரத்துக்குள் போயிற்று.

முக்காலியை விட்டு எழுந்ததுகூட எனக்கு நினைவில்லை. செடியண்டை போய் அந்த இலையைத் தொட்டுப் பார்த்தேன். பிசிறே இல்லை. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு கட்டிங் ஆள் எங்கள் செக்‌ஷனில் இருந்ததில்லை.

அப்படியே நின்றேன். அது வெளியே வந்தது, மறுபடி வெட்டியது, மறுபடி நுழைந்தது. அப்புறம் வெறும் உடம்போடு யமுனாவின் துவரைக்குப் போனது. பூவைப் பிளந்துகொண்டு தலையைக் கொடுத்தது. ஒவ்வொரு பூவாக இறங்கி ஏறித் திரும்பி வந்தபோது வயிற்றின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள்! ருக்மணி கையை உதறிய அதே மஞ்சள்.

போனில் வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான். இலைவெட்டித் தேனீயாம். கூடு கட்டிக் கூட்டமாக இருக்கிற ஜாதி இல்லையாம். ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென்று ஒரு பொந்து பார்த்து, இலையில் தொட்டில் சுற்றி, மகரந்த உருண்டை வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு மூடுமாம். துவரை நன்றாகக் காய்ப்பதே இந்த மாதிரித் தேனீ வருவதால்தானாம்.

“கடிக்காதும்மா, பயப்படாத. நீ ஏன் அழற?” என்றான்.

நான் கொண்டை ஊசியால் நோண்டிப் போட்டது ஒரு முட்டையை. அதை அவனிடம் சொல்லவில்லை.

மாடிப்படி

பதினெட்டுப் படி. மூட்டு வலியில் மாதத்துக்கு ஒருமுறை ஏறுவதே அதிகம். அன்று ஏறினேன்.

யமுனா தைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் சாக்கில் கட்டி மூலையில் இருந்தன. நிமிர்ந்து பார்த்தவள் ஊசியை நிறுத்தவில்லை.

“இன்னா வீட்டுக்காரம்மா? வூடு கெடைக்கல இன்னும். கெடச்சதும் போய்டறோம்.”

வீட்டுக்காரம்மா! ‘பெரிம்மா’ போய்விட்டது. போனை அவள் முன்னால் நீட்டினேன். “யமுனா, அது பூச்சி. பாரு. இலைய வெட்டுனதும் அதுதான், ஓட்டைல வெச்சதும் அதுதான்.”

வீடியோவை முழுக்கப் பார்த்தாள். திரும்ப ஒருமுறை பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இத்த பாத்து நம்பறீங்க. நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

“நீ ஒண்ணும் சொல்லவேயில்லியேடி.”

“நீங்க கேக்கவேயில்லியே. எலைக்கெல்லாம் கோடு போட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவளே தொடர்ந்தாள்.

“நீங்க ஒக்காந்து எலை எலையா சில்வர்ல எழுதறத ஜன்னல்லருந்து பாத்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்களத் தொரத்தத்தான் ஏதோ மந்திரம் பண்றீங்கன்னு நெனச்சேன். பாப்பாவுக்கு அன்னிக்கே உப்பு சுத்திப் போட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

“தப்பு பண்ணிட்டேன் யமுனா. எங்கயும் போவாத. மகன் வர்றான்னு சொன்னது பொய்.”

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? கொழாயாண்ட சொன்னீங்க இல்ல, கொழாயாண்டயே சொல்லுங்க.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு கேட்டாள்: “இதுக்கு முன்ன யாரயாவது இந்த மாதிரி சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல” என்றேன்.

மறுபடியும் குழாயடி

அடுத்து தண்ணீர் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் எனக்குத் தூக்கமில்லை. குறை கண்டுபிடித்துச் சொல்வது எனக்குப் பழக்கம். என் குறையை நானே எடுத்து நாலு பேர் முன்னால் வைப்பது பழக்கமில்லை.

வரிசையில் எல்லோரும் வந்த பிறகு சொன்னேன். “யமுனா ஒண்ணும் வெக்கல. எலைய வெட்டினது ஒரு தேனீ. நான் கண்ணால பாத்தேன். வாய்க்கு வந்தபடி பேசினது நான்தான். தப்பு என்னுது.”

ஒருத்திகூட நம்பவில்லை. “தேனீயாவது எலை வெட்றதாவது!” என்றாள் ஒருத்தி. “வயசாய்ட்டா இப்டித்தான், பேஜாரு” என்று இன்னொருத்தி குடத்தைக் கழுவினாள். முப்பது வருஷம் நான் சொன்னதுதான் தீர்ப்பு. அன்றைக்கு உண்மையைச் சொன்னேன், எடுபடவில்லை.

விடுவேனா நான்? ருக்மணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முக்காலியில் உட்கார வைத்தேன். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு வியர்த்தது. அப்புறம் வந்தது மகராசி. வெட்டியது, மடித்தது, எல்லோர் கண் முன்னாலும் சாவித் துவாரத்துக்குள் போனது.

ருக்மணி வாயில் கை வைத்தபடி பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

“பூச்சிதான்க்கா, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பூச்சிய யாரு அனுப்பினாங்கன்னு பாக்கணும்.”

ஜன்னலில் நின்ற யமுனா அதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் எதிர்வீட்டுப் பெண் குழந்தை மாடிக்கு விளையாட வந்தது. யமுனா சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கினாள். அவள் வாயிலிருந்து ‘பெரிம்மா’ திரும்பி வர மேலும் இரண்டு மாதம் ஆனது. துவரை பறித்த அன்று ஒரு முறம் கொண்டுவந்து வைத்துவிட்டு, “உங்க ரோஜாவத் தின்ன காய் பெரிம்மா, நீங்களும் தின்னுங்க” என்றாள்.

பின்கதவுத் துவாரத்தை இன்றுவரை அடைக்கவில்லை. மர ஆசாரி அடைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

மீதி

“இதுக்கு முன்ன யாரயாவது?” என்று யமுனா கேட்டதற்கு ‘இல்ல’ என்றேன் அல்லவா? அதுவும் பொய்.

லதா வேலையை விட்டுப் போன இரண்டாவது வாரம், சுவருக்கு வெள்ளையடிக்க எங்கள் செக்‌ஷனில் தோல் அடுக்கும் ராக்குகளை நகர்த்தினார்கள். ஒரு ராக்குக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு நாலு துண்டு இருந்தது. நல்ல ரகத் தோல், ஷூவின் முன்பக்கம். முதலில் பார்த்தவள் நான். அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. எடுத்து வேஸ்ட் டிரம்மில் போட்டு, மேலே துணுக்குகளைத் தள்ளி மூடினேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அந்த செக்‌ஷன் இப்போது இல்லை. லதா கலவை ஊர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனாள் என்று ஒருத்தி சொன்னாள். காட்பாடியில் பார்த்ததாக இன்னொருத்தி சொன்னாள். தேடிப் போகிற தைரியம் எனக்கு இருந்ததில்லை. லைனில் அத்தனை பேர் முன்னால் சொன்னதை எங்கே போய்த் திருப்பிச் சொல்வது என்று யோசித்தேன். அந்த லைனில் இருந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள். இந்தத் தொடர் வந்ததிலிருந்து போன் செய்கிறார்கள். அதனால் இங்கேயே சொல்கிறேன்.

லதா, அந்த நாலு துண்டும் ராக்குக்குப் பின்னால் கிடந்தது. நீ எடுக்கவில்லை. அன்றைக்கு உன் பையைக் கவிழ்த்தபோது விழுந்தது ஒரு டிபன் பாக்ஸும் ஒரு மடக்குக் குடையும்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.